கொழுஞ்சி ஏறிய புஞ்சை

எனக்கு வாய் நீளம் என்று புகுந்த வீட்டில் ஒரு பெயர் உண்டு. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் வேறு பேசத் தெரியாது. பட்டென்று கேட்டுவிடுவேன். கல்யாணமான புதிதில், விருந்துக்குப் போன வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டே சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னவள் நான். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். என் கணவரும் அவருடைய அண்ணனும் இதற்கு நேர் எதிர். ஒருத்தர் மனசு நோகுமே என்று இன்னொருத்தர் வாயை மூடிக்கொள்வார். அந்த வீட்டில் அதற்கு மரியாதை என்று பெயர். அந்த மரியாதையும், நான் பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு செடியும் சேர்ந்துதான் எங்கள் ரோட்டோரப் புஞ்சையை எங்கள் கையை விட்டுப் போக வைத்தன.

செடியின் பெயர் கொழுஞ்சி. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முழங்கால் உயரம் வளரும். புளிய இலை போல இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்ன இலைகள், ஊதா நிறத்தில் பூ, லேசாக வளைந்த தட்டைக் காய். பயறு, அவரைக்குச் சொந்தக்காரச் செடி. இலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் அது நேராகக் கிழியாது, அம்பு முனை போலக் கூர் வைத்துப் பிட்டுக்கொண்டு வரும். யார் கையில் வந்த அம்பு கூர்மை என்று பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் சண்டை போட்டிருக்கிறோம்.

நான் பிறந்தது குளத்தூருக்குக் கிழக்கே, உப்பளங்களை ஒட்டிய ஒரு ஊரில். அங்கே மணல் மேட்டிலும் அளத்துக் கரையிலும் வேறெதுவும் தலைகாட்டாத இடத்தில் கொழுஞ்சி நிற்கும். யாரும் விதைப்பதில்லை. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. காய்ந்த செடியை வெட்டி அடுப்பெரிப்போம், கட்டாகக் கட்டி வாசல் கூட்டுவோம். எங்கள் ஊரில் அதற்கு மரியாதையும் கிடையாது, அவமரியாதையும் கிடையாது. மணல் இருப்பதுபோல அதுவும் இருந்தது.

விளாத்திகுளம் போகிற பஸ் பாதையில் இருக்கிற இந்தக் கரிசல் ஊருக்கு வாழ வந்த பிறகுதான், அதே செடிக்கு இங்கே வேறு பொருள் என்று தெரிந்தது. கரிசல்காட்டில் உழுகிற புஞ்சையில் கொழுஞ்சி நிற்காது. உழவு நின்ற புஞ்சையில்தான் ஏறும். வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போனவர்கள், பங்காளிச் சண்டையில் கோர்ட்டுக்குப் போனவர்கள், ஆண்பிள்ளை இல்லாமல் ஒடுங்கிப்போன குடும்பங்கள், இவர்களுடைய நிலத்தில் அது செழிப்பாக நிற்கும். "அவிய புஞ்சையில கொழுஞ்சி ஏறிட்டு" என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவர் உச்சுக்கொட்டுவார். அந்தக் குடும்பம் முடிந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்ட நிலத்திலிருந்து விதை எதையும் எடுத்து வந்து தன் புஞ்சையில் போட மாட்டார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும், இத்தனை ஆழமாகப் போகிற விஷயம் என்று நினைக்கவில்லை.

எங்களுக்கு இரண்டு துண்டு நிலம் இருந்தது. ஓடையை ஒட்டியது என் கணவர் பெயரில். ரோட்டோரம் இருந்த பெரிய புஞ்சை, பாகம் பிரித்தபோது அண்ணன் பெயருக்குப் போனது. நான் அத்தான் என்று கூப்பிடுகிற அந்த அண்ணன் பிழைப்புக்காகக் கோயம்புத்தூர் போய், கடையில் வேலைக்கு நின்று, பிறகு சொந்தமாகவே கடை வைத்துவிட்டார். இரண்டு புஞ்சையையும் உழுதது என் கணவர்தான். குத்தகை, விளைச்சலில் வாரப் பங்கு என்ற பேச்சே அண்ணன் தம்பிக்குள் வந்தது கிடையாது. பொங்கலுக்கு உளுந்தும் வத்தலும் மூட்டை கட்டி அனுப்புவோம். அவ்வளவுதான்.

சோலார் கம்பெனிக்காரர்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர்கள் எங்கள் பக்கம் சுற்ற ஆரம்பித்தபோது, ரோட்டோரம் இருந்ததால் எங்கள் புஞ்சை மேல்தான் முதல் கண். பக்கத்துப் புஞ்சைகளெல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கோயம்புத்தூருக்கே போய் அத்தானைப் பார்த்தார்கள். அவர் சொன்ன பதில் ஊர் முழுக்கத் தெரியும்.

"எந்தம்பி உழுதுக்கிட்டு இருக்காம்லா. அவன் உழவை விடுத அன்னிக்கு வாங்க, பேசுவோம்."

இந்த ஒரு வார்த்தையில்தான் அந்தப் புஞ்சை நின்றுகொண்டிருந்தது. என் கணவருக்கு அது பெரிய தைரியம். எத்தனை மழை பொய்த்தாலும் ரோட்டோரப் புஞ்சையை வெறுமனே போட்டதில்லை. உழுது விதைத்து, முளைத்தது முளைக்கட்டும் என்றிருப்பார்.

ஆனால் நிலம் சோர்ந்துகொண்டு வந்தது. வருசா வருசம் மக்காச்சோளம், வருசா வருசம் யூரியா. முதலில் ஒரு மூட்டை கேட்ட நிலம் பிறகு இரண்டு கேட்டது. கதிர் மட்டும் சிறுத்துக்கொண்டே போனது. கோடையில் ஆட்டுக்கிடை போட்டுப் பார்த்தோம். கிடை போட்ட இடம் மட்டும் கொஞ்சம் கறுத்து நிற்கும், மற்றது வெளுத்து நிற்கும். ஒருநாள் என் கணவர் புஞ்சையிலிருந்து ஒரு கட்டி மண்ணைக் கொண்டுவந்து அடுப்படியில் என் முன்னால் உடைத்துக் காட்டினார்.

"மண்ணுல உசுரே இல்லட்டி. பாரு, ஒரு புழு கெடயாது."

நான் சமைக்கிற இடத்தில் மண்ணைக் கொட்டுகிறீர்களே என்று சத்தம் போட்டேன். பிறகு நானும் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

அந்தச் சமயத்தில் ஒரு சாவுக்காகப் பிறந்த ஊருக்குப் போனேன். காரியம் முடிந்து, பெண்களெல்லாம் குளிக்கப் போகிற வழியில், அளத்துக் கரையில் கொழுஞ்சி நின்றது. சுற்றிலும் தரை உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கிறது. இது மட்டும் கரும்பச்சையாக நிற்கிறது. இத்தனை வருசமாகப் பார்த்த செடிதான், அன்றைக்குத்தான் எரிச்சல் வந்தது. இதற்கு யார் யூரியா போட்டார்கள்? ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் குருணை குருணையாக முடிச்சுகள். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பயறு வகைச் செடியின் வேர் முடிச்சில் நுண்ணுயிர் குடியிருக்கிறது, அது காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கித் தருகிறது என்று பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மூட்டைக்குள் நாங்கள் வாங்கிப் போடுவதும் அதே நைட்ரஜன்தான். பூ எடுக்கிற பருவத்தில் செடியை அப்படியே மடக்கி உழுதுவிட்டால் தழையும் வேரும் மண்ணுக்கே போய்விடும்.

துக்க வீட்டுக்கு வந்தவள் சாக்குப் பையோடு மணல் மேட்டில் காய் பறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து என் அண்ணி, "புருசன் வீட்டுல விறகுக்குப் பஞ்சமா?" என்று கேட்டாள். நான் பறித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மூன்று பயணத்தில் ஒரு மூட்டை சேர்ந்தது.

என் கணவர் முதலில் தயங்கினார். "இங்கன அதை விதைச்சா சிரிப்பாவ" என்றார். இது கடற்கரை விதை, நாதியில்லாத புஞ்சையிலிருந்து எடுத்ததில்லை என்று நான் சண்டை பிடித்தேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசி எப்படியோ சம்மதிக்க வைத்தேன். புரட்டாசி மழைக்கு முன்னால் பாதி மூட்டையை ரோட்டோரப் புஞ்சை முழுக்க விதைத்தோம்.

ஒன்றுகூட முளைக்கவில்லை.

மழை நன்றாகத்தான் பெய்தது. ஓடைப் பக்கத்துப் புஞ்சைகளில் உளுந்து இரண்டு இலை விட்டு நின்றது. எங்கள் புஞ்சை கறுப்பாகவே கிடந்தது. மண்ணைக் கிளறி விதையை எடுத்துப் பார்த்தேன். போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே, அழுகாமல், ஊறாமல், கல்லாக இருந்தது. எங்கள் புஞ்சையோரம் எப்போதும் ஆடு மேய்க்கிற அண்ணாச்சி ஒருவர் உண்டு. அவர் கம்பை ஊன்றி நின்று கேட்டார்.

"என்ன தங்கச்சி, தானா மொளைக்குத செடியையும் மொளைக்க விடாமப் பண்ணிட்டீகளே?"

ஊர் முழுக்க இதுவே பேச்சு. டீக்கடையில் என் கணவரைப் பார்த்ததும், "கொழுஞ்சி வெள்ளாமை எப்படி இருக்கு?" என்பார்கள். பருவம் தப்புவதற்குள் கொத்தமல்லியை விதைத்து ஒப்பேற்றினோம். அத்தானிடம் இந்தக் கதையைச் சொல்லவே இல்லை. மல்லி போட்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னோம். அது பொய்யில்லையே.

எங்கே தப்பு நடந்தது என்பதைப் புஞ்சையே காட்டியது. ரோட்டை ஒட்டி, வீடு கட்ட மணல் ஏற்றிப் போன லாரி ஒன்று சரிந்து, கொஞ்சம் மணல் எங்கள் நிலத்துக்குள் கொட்டியிருந்தது. மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டி அள்ளிப் போனார்கள். டயர் வேறு அதன் மேல் ஏறி இறங்கியது. அந்த ஒரு திட்டில் மட்டும் மார்கழியில் கொழுஞ்சி முளைத்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் மணலும் காற்றும் வருசம் முழுக்க விதையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். தோல் தேய்ந்தால்தான் அதற்குள் தண்ணீர் இறங்கும். கரிசல் மண்ணோ மாவு. விதையைப் பொத்தி வைத்துக்கொள்ளுமே தவிர தேய்க்காது. விதைத்தே பழகாத ஊரில் பிறந்தவளுக்கு விதையைத் தேய்க்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

அடுத்த ஆவணியில், கோழிக்குத் தண்ணீர் வைக்கிற பழைய உரலைக் கழுவிக் காயவைத்து, மீதி விதையோடு மணலைப் போட்டு இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்தோம். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும், நாங்கள் தேய்த்துக்கொண்டிருப்போம். அவர் கை ஓய்ந்தால் நான் கேலி செய்வேன். நான் நிறுத்தினால் அவர். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் நாங்கள் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேலை செய்தது அந்த ஆவணியில்தான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. அதனால்தான் வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது.

அந்த வருசம் கொழுஞ்சி முளைத்தது. முளைத்தது என்றால் சும்மா இல்லை. கார்த்திகையில் தரை தெரியவில்லை. மார்கழி பிறந்ததும் ஊதாப் பூ. ஆடு மாடு எதுவும் வாய் வைக்காத செடி, அதனால் வேலியும் வேண்டாம், காவலும் வேண்டாம். ஆட்டுக்கார அண்ணாச்சியே ஒரு செடியைப் பிடுங்கி வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். என் கணவர் தினமும் காலையில் போய்ப் புஞ்சையின் எல்லை வரப்பான பொழியில் நிற்பார். அண்ணனிடம் சொல்லுங்களேன் என்றேன்.

"மடக்கி உழுதுட்டுச் சொல்லுதேன். போன வருசம் மாதிரி ஏமாந்து நிக்கக் கூடாது பாரு. அடுத்த வெள்ளாமை மூட்டையை அனுப்பும்போது, இது யூரியா போடாம வெளஞ்சதுன்னு சொல்லணும்."

டிராக்டருக்குச் சொல்லி வைத்தாயிற்று. அதற்குள் பருவம் தப்பிய மழை ஒன்று வந்து கொட்டியது. கரிசல் நனைந்தால் மனுசன் காலே எடுத்து வைக்க முடியாது, டிராக்டர் எப்படி இறங்கும்? ஈரம் காய்ந்து வாட்டம் கொடுக்கட்டும் என்று காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் நடந்தது.

ஆட்டுக்கார அண்ணாச்சி ஒரு சாயங்காலம் வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, மத்தியானம் உங்க அத்தான் மாதிரி ஒரு ஆள் உங்க புஞ்சைப் பொழியில நின்னாவ. நான் கிட்டப் போகுததுக்குள்ள எதுத்தாப்புல வந்த கோயில்பட்டி பஸ்ஸுல ஏறிட்டாவ."

நான் சிரித்துவிட்டேன். "அவிய இம்புட்டுத் தூரம் வந்தா வீட்டுக்கு வராமலா போவாவ? வெயில்ல உங்களுக்குக் கண்ணு மசங்கிட்டு அண்ணாச்சி."

அவரும் அப்படித்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் நாக்கில் கசக்கிறது.

மறுநாள் அத்தானிடமிருந்து போன். நலம் விசாரித்தார். பிள்ளைகளைக் கேட்டார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ரோட்டோரப் புஞ்சையில என்னல போட்டிருக்க?" என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அது ஒரு மாதிரி போட்டிருக்கேண்ணே. அப்புறம் சொல்லுதேன்."

"சரி" என்றார் அவர். "உடம்பைப் பாத்துக்கோ. ரொம்பப் பாடுபடாத."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனைப் பிடுங்கி, கொழுஞ்சி விதைத்திருக்கிறோம் அத்தான் என்று சொல்லத்தான் வாய் வந்தது. என் கணவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவர் ஆசையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள் அன்றைக்கு ஒருநாள் வாயை அடக்கினேன்.

ஈரம் வாட்டம் கொடுத்ததும் டிராக்டர் இறங்கியது. பூவும் இலையுமாகச் செடி மண்ணுக்குள் புரண்டு புரண்டு போனது. புஞ்சை முழுக்கப் பச்சை வாடை. என் கணவர் கலப்பைக்குப் பின்னாலேயே நடந்து, புரண்ட மண்ணைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலமே அண்ணனைக் கூப்பிட்டார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, புஞ்சையை மடக்கி உழுதாச்சு. கொழுஞ்சி விதைச்சிருந்தேன், பச்சை உரத்துக்கு. போன வருசமும் விதைச்சோம், மொளைக்கல, அதான் உங்ககிட்ட சொல்லல. இந்த வருசம் நெஞ்சே குளுந்துட்டுண்ணே. இனி பாருங்க, மண்ணு திரும்பிரும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று என் கணவர் போனைப் பார்த்தார்.

"கொழுஞ்சி நீயா விதைச்ச?"

"ஆமாண்ணே. இவ ஊருலேருந்து விதை கொண்டாந்தா."

பிறகு அத்தான் பேசினார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"நான் வந்தேம்லே. கோயில்பட்டியில ஒரு கல்யாணம். திடீர்னு போய் நிப்போம்னு பஸ் ஏறுனேன். பஸ்ஸுக்குள்ள இருந்தே தெரிஞ்சுது. அங்கனயே எறங்கிட்டேன். புஞ்சை பூராவும் கொழுஞ்சி ஏறிக் கெடக்கு. எந்தம்பிக்கு முடியல, எங்கிட்டச் சொல்லக் கூச்சப்படுதான்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தா உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன், நீ எப்படி என் மூஞ்சியில முழிப்ப? அதான் திரும்பிட்டேன். போன்ல கேட்டப்பவும் நீ மழுப்புன."

"அண்ணே..."

"நேத்துச் சோலார் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்லே. உனக்கு ஒரு சங்கடமும் வேண்டாம்னு நானே முடிச்சுட்டேன்."

என் கணவர் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். போனில் அத்தான் "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் எடுத்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வார்த்தை வீட்டுக்கு வந்து கேட்டிருக்கக் கூடாதா அத்தான் என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அவர் சொன்னது இதுதான்.

"எங்கப்பா செத்த வருசம் அந்தப் புஞ்சையில கொழுஞ்சி ஏறிட்டும்மா. போறவன் வாரவனெல்லாம் நின்னு பாத்து உச்சுக்கொட்டிட்டுப் போவான். அப்ப எனக்கு மீசை கூட மொளைக்கல. பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, பூராத்தையும் இந்தக் கையாலதான் பிடுங்குனேன். உம் புருசன் பொழியில உக்காந்து எலையைக் கிழிச்சு அம்பு விட்டுக்கிட்டு இருந்தான். அதே செடியைத் திரும்பவும் அதே புஞ்சையில பாத்ததும் எனக்குக் கேக்கத் தோணலம்மா."

போனை வைத்துவிட்டு என் கணவரைத் தேடி வெளியே போனேன்.

பதிவு முடிந்த பத்திரத்தை யாராலும் திருப்ப முடியவில்லை. அத்தான் போய்க் கேட்டார். ஆட்களைப் பிடித்துக் கேட்டார். கம்பெனிக்காரர்களுக்கு அது வரைபடத்தில் ஒரு கட்டம், அவ்வளவுதான். வந்த பணத்தில் பாதியை அவர் அனுப்பினார். அது பேங்கில் கிடக்கிறது, என் கணவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். போடவில்லை. அண்ணன் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டார். சொல்லாமல் விட்டது நான்தானே என்று தம்பி தன் மேல் போட்டுக்கொண்டார். பொங்கலுக்கு ஓடைப் புஞ்சை உளுந்து போகிறது, கோயம்புத்தூரிலிருந்து துணி வருகிறது. போனில் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். புஞ்சை என்ற வார்த்தையே வராமல் மழையைப் பற்றிப் பேச முடியும் என்று அவர்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது அங்கே கம்பி வேலி. அதற்குள் வரிசை வரிசையாகச் சோலார் பேனல்கள். நாங்கள் செடி மடக்கிய மண்ணில் இரும்புத் தூண் நட்டிருக்கிறார்கள். மழைக்குப் பிறகு பேனலுக்கு அடியில் களை ஏறும், நிழல் விழுந்தால் மின்சாரம் குறையுமாம். களை பிடுங்கவும் பேனல் கழுவவும் எங்கள் ஊர்ப் பெண்களைத்தான் குழுவாகக் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன். ஒரு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு வருசம் முழுக்க ஓட்ட முடியாது. முதலில் என் கணவர் முகம் சுருங்கியது. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

முதல் வருசம் உள்ளே போனபோது பேனலுக்கு அடியில் கொழுஞ்சி நின்றது. மடக்கி உழுத செடி காய்க்கவில்லை, அதிலிருந்து விதை விழுந்திருக்க முடியாது. இது அதற்கும் முந்தின வருசம் நாங்கள் தேய்க்காமல் போட்டது. ஊர் சிரித்ததே, அந்த விதை. வருசத்துக்குக் கொஞ்சமாகத் தோல் இளகி, இப்போது ஒவ்வொன்றாக முளைக்கிறது. "வேரோட பிடுங்குங்க, வெட்டுனா மறுபடியும் தழையும்" என்று சூப்பர்வைசர் தம்பி சத்தம் கொடுத்தான். வேரோடுதான் பிடுங்கினேன். ஒவ்வொரு வேரிலும் முடிச்சு. அள்ளிக் கொண்டுபோய் வேலி ஓரம் குவித்தோம், கம்பெனி வண்டி வந்து எடுத்துப் போனது. மண்ணுக்கு வந்ததை மண்ணில்கூட விடவில்லை.

இந்தத் தையில் உறவில் ஒரு கல்யாணத்துக்கு அத்தான் வந்திருந்தார். கண் பார்வை கொஞ்சம் மங்கிவிட்டது, நடையும் தளர்ந்துவிட்டது. வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "ஏம்மா, ரோடு வரைக்கும் போயிட்டு வருவோமா?" என்றார். என் கணவர் வரவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டார். நான்தான் கூட நடந்தேன்.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு பேனலுக்கு அடியில் இருந்த பச்சையைக் காட்டினார்.

"அது கொழுஞ்சியாம்மா?"

"ஆமா அத்தான்."

"இதை யாரு போட்டா?"

"யாரும் போடல. நாங்க மொத வருசம் போட்டு, மொளைக்காமக் கெடந்தது. அது இப்பதான் மொளைக்குது."

அவர் கம்பிக்குள் கையை விட்டு, எட்டிய செடியில் ஓர் இலையைப் பறித்தார். நுனியைப் பிடித்து இழுத்தார். அம்பு முனை கூராகப் பிட்டுக்கொண்டு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்திருக்கணும்மா" என்றார்.

திரும்பி நடக்கும்போது அவர் குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. "எப்படியோ, நம்ம போட்டது அங்கன நிக்குதுல்லா. அந்த மட்டுக்கு இருக்கட்டும். ஊருக்குப் போயி நெனச்சுக்கிடுவேன்" என்றார். நாளைக் காலையில் அந்த வரிசையில் களை பிடுங்க வேண்டியது என் குழுதான் என்று வாய் வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை. "ஆமா அத்தான், நிக்கட்டும்" என்றேன்.